மொட்டை மாடி வெயில் யாருடைய சொத்து?

வீட்டு மொட்டை மாடியில் சோலார் தகடு பதிப்பது பெரும்பாலும் செலவுக் கணக்காகவே பேசப்படுகிறது. எத்தனை கிலோவாட், எவ்வளவு மானியம், போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தக் கணக்குக்கு அடியில் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. யாரும் உண்டாக்காத, எல்லார் தலைமேலும் விழுகிற வெயிலை ஒருவர் தம் மாடியில் பிடித்து யூனிட்டாக மாற்றிவிட்டால் அது அவருடைய சொத்தாகிவிடுமா? ஆகுமென்றால் எந்த உரிமையால்? அந்த உரிமையோடு கடமை ஏதும் சேர்ந்து வருமா? மதுரையையும் அதைச் சுற்றிய சமவெளியையும் வைத்து இதைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை என்பது ஒன்று. வானத்திலிருந்து விழும், யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பொருளை எப்படிப் பங்கு வைப்பது என்பதை இந்தச் சமவெளி கண்மாய்க் கரைகளில் பல நூறு ஆண்டுகளாகப் பேசித் தீர்த்து வந்திருக்கிறது என்பது இன்னொன்று.

மதுரை ஏறத்தாழ 10 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை, சித்திரை பிறக்கும் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும், உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும்; நட்டுவைத்த கம்புக்கு நிழல் இருக்காது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சி வெயில் வடக்கிலிருந்தும், மற்ற மாதங்களில் தெற்கிலிருந்தும் சாயும். அதனால் இங்கே தகட்டைத் தெற்கு நோக்கி 10 பாகை அளவுக்குச் சாய்த்தாலே போதும். தெளிவான வானத்தில் உச்சி நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலின் திறன் சுமார் 1,000 வாட். இன்று விற்கும் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது. ஒரு கிலோவாட்டுக்கு 100 சதுர அடி மாடி வேண்டும், ஆண்டுச் சராசரியில் அது நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் 300 சதுர அடி, 12 யூனிட். வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சிலிக்கானுக்குச் சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அரை சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக விளைச்சல் இறங்கும். கத்திரி வெயிலில் தகடு 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கிறபோது, மாசியில் தந்ததைவிடக் குறைவாகத் தருவதும் உண்டு.

வெயிலைப் பிடித்து வேலை வாங்குவது தெய்வக் குற்றமா என்று கேட்டால், தமிழ்நாட்டுச் சமய மரபு எதிலும் அப்படி ஒரு தடை தென்படவில்லை. சூரியன் கண்ணுக்குத் தெரியும் தெய்வம். அறுவகைச் சமயங்களில் சௌரம் ஒன்று. தைப் பிறப்பன்று வாசலிலோ மாடியிலோ பொங்கல் வைத்து முதலில் படைப்பது அவனுக்குத்தான். அதே மாடியில் மறுவாரம் அவன் வெயிலில் கூழ்வற்றல் காய்வதை எவரும் அபசாரம் என்று சொன்னதில்லை. வணங்குவதும் பயன்படுத்துவதும் ஒன்றுக்கொன்று முரண் என்ற எண்ணமே இங்கே இல்லை. சூரியனைப் பற்றிய மரபில் கவனிக்க வேண்டியது வேறொன்று: அவன் யாருடைய பக்கத்தையும் சேராதவன். சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகிறது. அதன் மதுரைக் காண்டத்தில், கணவன் கள்வன் என்று கொல்லப்பட்ட செய்தி கேட்ட கண்ணகி நேராகச் சூரியனைப் பார்த்துத்தான் கேட்கிறாள். அவன் கள்வன் அல்லன் என்ற பதிலும் அங்கிருந்தே வருகிறது. புகாரிலிருந்து வந்தவள், ஊரில் உறவோ செல்வாக்கோ இல்லாதவள். பாண்டியன் நகரத்திலேயே பாண்டியனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அவளுக்குக் கிடைத்தவன் சூரியன். எந்த அரசனும் வளைத்துக்கொள்ள முடியாதவன் என்பதால்தான் அந்தச் சாட்சிக்கு மதிப்பு.

சைவ சித்தாந்தம் இதை இன்னும் கூர்மையாக்கித் தருகிறது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதமும் அதன் வழிவந்த நூல்களும் இறைவனின் செயலை விளக்கச் சூரியனை எடுத்துக்கொள்கின்றன. சூரியன் முன்னிலையில் ஒரு தாமரை விரிகிறது, இன்னொன்று மொட்டாகவே நிற்கிறது, மற்றொன்று வாடுகிறது. மூன்றும் அவனால் நிகழ்கின்றன என்றாலும் அவனிடம் எந்த மாற்றமும் இல்லை. பூக்களின் பக்குவத்தில்தான் வேறுபாடு. இந்த உவமை ஆன்மாக்களைப் பற்றியது, மின்சாரத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் இங்குள்ள கேள்விக்கு அதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. எடுப்பதால் குறையாத ஒன்றிடம் எடுப்பவர் கடன்படுவதில்லை. மதுரை முழுக்கத் தகடு வேய்ந்தாலும் சூரியனுக்கு நட்டமில்லை. அப்படியானால் கடன் என்று ஒன்று இருக்குமானால், அது பெறுகிறவர்களுக்கு இடையில்தான் இருக்க வேண்டும்: தாமரைக்கும் தாமரைக்கும் நடுவில்.

மற்ற சமயங்களும் இதே இடத்துக்குத்தான் வருகின்றன, வழிதான் வேறு. இஸ்லாத்தில் தொழுகை வேளைகள் சூரியனைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. ஆனால் சூரியன் உதிக்கும் கணத்திலும், உச்சியில் நிற்கும் கணத்திலும், மறையும் கணத்திலும் தொழுவது தவிர்க்கப்படுகிறது. அது சூரிய வணக்கமாக ஆகிவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. சூரியன் படைக்கப்பட்டது, மனிதர்களின் நன்மைக்காக இயக்கப்படுவது. தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று ஒரு நபிமொழி உண்டு. அதை விரித்த சட்ட அறிஞர்கள், ஆற்று நீர் எல்லாருக்கும் பொது, உழைத்துத் தம் பாத்திரத்தில் மொண்ட நீர் மொண்டவருக்கு உரியது என்று கோடு கிழித்தார்கள். இயேசுவின் மலைப்பொழிவு, நல்லவர் தீயவர் என்று பாராமல் கதிரவன் உதிப்பதை இறைவனின் பாரபட்சமின்மைக்குச் சான்றாகக் காட்டுகிறது. மதுரையைச் சுற்றிய குன்றுகளில், கீழக்குயில்குடி சமணர் மலையிலும் யானைமலையிலும் மாங்குளத்திலும், தடம் பதித்துப் போன சமணம் கேட்கும் கேள்வி சற்று வேறு. எடுக்கலாமா என்று அது கேட்பதில்லை, எவ்வளவு என்று கேட்கிறது. இல்லறத்தார் தம் உடைமைக்கு முன்கூட்டியே ஓர் எல்லை குறித்துக்கொள்வது அதன் ஐந்து சிறு விரதங்களில் ஒன்று. சோலார் வந்துவிட்டது, இனி கரண்ட் சும்மாதானே என்று இரண்டாவது ஏசி வாங்கும் வீடு அந்த விரதத்தில் முதல் நாளே தோற்கும்.

ஆக வெயில் பொது, அதைப் பிடித்து ஆக்கியது ஆக்கியவருக்கு என்பது வரை பெரிய சண்டை இல்லை. சண்டை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது, அங்கேதான் கண்மாய் உதவிக்கு வருகிறது. மழை யாருக்கும் சொந்தமில்லை. ஒருவர் வயலில் பெய்த மழை அந்த வயலுக்கு. கண்மாயில் சேர்ந்த மழை அப்படி அல்ல. அது ஆயக்கட்டு முழுவதற்கும் உரியது. மடை திறப்பதற்கு முறை உண்டு, பஞ்ச காலத்தில் யாருக்கு எத்தனை நாழிகை என்ற கணக்கு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ள நீர்க்கட்டி உண்டு, அவருக்கு அறுப்பில் நெல் உண்டு. தண்ணீர் வாங்குகிற ஒவ்வொரு குடும்பமும் கரையை உயர்த்தவும் வரத்துக்கால் தூர்வாரவும் ஆள் அனுப்ப வேண்டும். குடிமராமத்து என்ற இந்த வழக்கத்தை ஆங்கிலேயர் 1858ஆம் ஆண்டு மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டத்தில் எழுதிவைத்தார்கள். 2017ஆம் ஆண்டு வாக்கில் தமிழ்நாட்டு அரசு அதே பெயரில் தூர்வாரும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கண்மாய்ச் சமூகத்தைச் சமத்துவ உலகம் என்று புகழ்வது தவறாகும். நிலமில்லாதவருக்கு அந்தத் தண்ணீரில் முறை கிடையாது, கரையில் மண் சுமந்தவர்களில் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இருந்ததில்லை. அந்தக் குறையோடு சேர்த்தே இந்த ஒப்பீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் சோலாரிலும் அதே குறை திரும்பி வருகிறது.

சோலாரில் கண்மாயாக இருப்பது மின்வாரியத்தின் கம்பி. இதைத் தகடு பதித்தவர்களே பல நேரம் உணர்வதில்லை. பேட்டரி இல்லாமல் கம்பியோடு இணைந்த சாதாரண வீட்டு சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். சித்திரை மாத நண்பகல், தகடு முழுக்க வெயில், கீழே மின்விசிறி ஓடாது. கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மீது வீட்டிலிருந்து வரும் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும்படி செய்யப்பட்டிருக்கிறது. வெயிலும் தகடும் மாடியும் சொந்தமாக இருந்தும், பொதுக் கம்பி உயிரோடு இல்லாவிட்டால் ஒரு யூனிட் கூட இல்லை. இரவுக் கதையும் இதேதான். பகலில் மிஞ்சியதைக் கம்பிக்குள் விட்டு இரவில் எடுத்துக்கொள்வதை நெட் மீட்டர் கழித்துக் காட்டுகிறது. கணக்கில் அது பகலில் கொடுத்த யூனிட்தான். உண்மையில் இரவில் வீட்டுக்குள் வருவது அனல் நிலையத்திலோ அணையிலோ காற்றாலையிலோ அந்த நேரத்தில் பிறந்தது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்தோடு கட்டப்பட்ட தூத்துக்குடி அனல் நிலையத்தின் நிலக்கரியும் அதில் கலந்திருக்கும்.

எனவே கம்பிக்கு விடும் யூனிட்டைத் தானம் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை. தானம் திரும்பி வருவதை எதிர்பார்க்காது. திருக்குறள் ஒப்புரவு அறிதலைப் பேசும்போது கைம்மாறு கருதாத கொடைக்கு மழை மேகத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறது. நெட் மீட்டர் மேகமல்ல, பற்றுவரவு ஏடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கொடுக்கல் வாங்கல் நேர்மையான காரியம்தான். ஆனால் கொடுக்கல் வாங்கலுக்கு இடமாக இருக்கும் கரையைப் பராமரிக்கும் செலவு யாருடையது என்பது அடுத்த கேள்வி. கூரை சோலாருக்கு வலையமைப்புக் கட்டணம் விதிக்கலாமா என்ற வழக்காடல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் நெடுநாளாக நடந்து வருகிறது. சிறுதொழில் முனைவோர் இந்தக் கட்டணத்தை எதிர்த்துப் போராடியதும் உண்டு. என் மாடி, என் தகடு, என் பணம், கட்டணம் எதற்கு என்பது எதிர்ப்பவர் வாதம். கண்மாயில் இந்த வாதம் எடுபட்டிருக்காது. வயல் தன்னுடையது என்பதால் குடிமராமத்திலிருந்து எவரும் விலக்குக் கேட்டதில்லை; தண்ணீர் வாங்குவதே கடமைக்குக் காரணம். கட்டணத்தின் அளவு நியாயமா என்று சண்டை போடலாம், போடவும் வேண்டும். கட்டணம் என்பதே அநியாயம் என்று சொல்வதற்கு மட்டும் இந்த மண்ணில் முன்னுதாரணம் இல்லை.

கண்மாயில் கடைமடை என்று ஒன்று உண்டு. தண்ணீர் கடைசியாக வந்து சேரும், பல ஆண்டுகளில் வந்தே சேராத நிலம். சோலாரின் கடைமடையில் இருப்பவர்கள் மாடி இல்லாதவர்கள். மதுரையில் வாடகை வீட்டுக்காரர்களோடு ஒத்தி வீட்டுக்காரர்களும் நிறைய. சில லட்சங்களை மொத்தமாக உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பணம் திரும்பும் வரை வாடகையில்லாமல் குடியிருப்பது ஒத்தி. வீட்டில் சமைக்கவும் படுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. 25 ஆண்டு ஆயுள் உள்ள தகட்டை மொட்டை மாடியில் பதிக்க உரிமையும் இல்லை, மூன்று வருட ஒத்திக்காரருக்கு அதற்கான காரணமும் இல்லை. ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக உச்சமாக 78,000 ரூபாய் மானியம். அதைப் பெற முதல் தகுதி தகடு வைக்க ஒரு கூரை. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறும். ஆகவே சிக்கனமாகச் செலவழிக்கும் சிறு வீட்டுக்குச் சோலாரால் மிச்சம் சொற்பம். மேல்படியில் இருக்கும் வீட்டுக்குத்தான் ஒவ்வொரு யூனிட்டும் அதிக விலையில் மிச்சமாகிறது. நிறையச் செலவழிப்பவருக்கே நிறைய லாபம் என்ற இந்த அமைப்பு எவரும் திட்டமிட்டுச் செய்த சூழ்ச்சி அல்ல, விலைப்பட்டியலும் மானியமும் தனித்தனியே நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டு ஒன்றாகச் சேர்ந்தபோது விளைந்தது. ஆனாலும் மலைப்பொழிவின் பாரபட்சமில்லாத சூரியன் மீட்டரைக் கடக்கும்போது பாரபட்சம் உள்ளவனாகிவிடுகிறான்.

இதைத் தலைகீழாகச் செய்து பார்த்த முயற்சியும் தமிழ்நாட்டில் உண்டு. 2011-12இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டம், ஊரக ஏழைகளுக்கு ஆண்டுக்கு 60,000 வீடுகள் என்ற கணக்கில் 300 சதுர அடி வீடு கட்டித் தந்தது. வீடு ஒன்றுக்கு 1,80,000 ரூபாய். அதில் 30,000 ரூபாய் ஐந்து சூரிய விளக்குகளுக்கு. அங்கே கூரை இருப்பவருக்குத் தகடு என்பதற்குப் பதிலாக, இல்லாதவருக்குக் கூரையும் தகடும் சேர்த்து என்பது விதி. ஐந்து விளக்கு எரியும் மின்சாரம் பொருளாதாரத்தில் மிகச் சிறிது. ஆனால் முறை வைப்பதில் கடைமடையிலிருந்து தொடங்கலாம் என்று காட்டிய வகையில் அது இந்த விவாதத்தில் சொல்லப்பட வேண்டியது.

இந்தச் சமவெளியில் வாழ்ந்து, இந்தக் கேள்வியின் வேரை எல்லாரையும்விட முன்னால் பிடித்தவர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், லண்டனில் கணக்காய்வும் கொலம்பியாவில் பொருளியலும் படித்தவர், 1929இல் காந்தியைச் சந்தித்த பிறகு கிராமத் தொழில்களின் பக்கம் திரும்பியவர். கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார்; 1960 ஜனவரி 30 அன்று, காந்தி இறந்த அதே தேதியில், காலமானார். சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த, காந்தி முன்னுரை தந்த ‘எக்கானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ நூலில் அவர் இயற்கை வளங்களை இரண்டாகப் பிரிக்கிறார். நிலக்கரி, பெட்ரோலியம், தாது ஆகியவை தேங்கிய இருப்பு. எடுக்க எடுக்கத் தீரும், தீரத் தீரச் சண்டை வரும். ஓடும் ஆறு, வளரும் மரம் ஆகியவை ஓட்டம், தாமாகப் புதுப்பித்துக்கொள்பவை. இருப்பை நம்பிய பொருளாதாரம் வன்முறையில் போய் முடியும், ஓட்டத்தை நம்பியது நிலைக்கும் என்பது அவர் வாதம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் இதைச் சொன்னார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்தப் பிரிவினை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கோயில்களில் நந்தா விளக்கு எரிக்கச் சோழர் காலத்தவர் நிவந்தம் வைத்த முறையில் அது அப்படியே இருக்கிறது. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் இடையர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படும். அவர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளப்பார். ஆடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. கல்வெட்டு அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கிறது. ஒப்பந்தக் காலம் சந்திர சூரியர் உள்ளவரை. மூலதனத்தைத் தொடாமல் விளைச்சலில் விளக்கெரிக்கும் இந்த ஏற்பாட்டைக் குமரப்பா என்ற கணக்காய்வாளர் பார்த்திருந்தால் ஒரு திருத்தமும் சொல்லியிருக்க மாட்டார்.

குமரப்பாவின் கணக்கில் வெயில் ஓட்டம், ஐயமில்லை. தகடு? அங்கேதான் அவர் பேனாவைக் கீழே வைக்க மாட்டார். தகட்டின் சிலிக்கான், குவார்ட்ஸ் கல்லைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் ஏறத்தாழ 2,000 டிகிரியில் உருக்கி எடுப்பது. சட்டம் அலுமினியம், மேலே கண்ணாடி, உள்ளே வெள்ளிக் கோடு, கம்பியில் செம்பு. எல்லாமே இருப்பிலிருந்து வந்தவை, பெரும்பங்கு நிலக்கரி எரித்துச் செய்தவை. இந்திய வெயிலில் ஒன்றிரண்டு ஆண்டுகளில் தன்னைச் செய்யச் செலவான ஆற்றலைத் தகடு ஈடுகட்டிவிடும் என்பதால் வரவுப் பக்கம் வலுவானது. செலவுப் பக்கம் ஒன்றுமில்லை என்று யாராவது சொன்னால்தான் கணக்கு பொய். அவர் இன்னொரு அளவுகோலும் வைத்திருந்தார். உயிர்கள் இயற்கையிடம் நடந்துகொள்வதை ஐந்து படிகளாக்கினார்: கொன்று தின்னும் புலி, நடாமல் பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ, குஞ்சுக்கு ஊட்டிக் கைம்மாறு கேளாத தாய்ப்பறவை. மனிதர்களும் இந்தப் படிகளில் எங்காவது நிற்பவர்களே. தன் தேவைக்குத் தகடு வைத்துத் தன் பில்லைக் குறைத்துக்கொள்ளும் வீடு மூன்றாம் படி. கூடு கட்டும் பறவையில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் சோலார் விளம்பரங்கள் அந்த வீட்டை ஐந்தாம் படியில் உட்காரவைத்து ஆரத்தி எடுக்கின்றன. அடுக்குமாடியில் எல்லாரும் சேர்ந்து மாடியைப் பொதுவாக்கி மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் எடுத்துக்கொண்டால் அது நான்காம் படி. பூமியைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொள்ளும் தனி வீட்டைவிட, லிஃப்ட் கரண்டுக்குப் பங்கு பிரித்துச் சண்டை போடும் அடுக்குமாடிச் சங்கம் குமரப்பாவின் ஏணியில் ஒரு படி மேலே இருக்கிறது.

ஓட்டமே இருப்பைப் போல் வளைக்கப்படுவதும் உண்டு. மதுரைக்குத் தென்கிழக்கே, ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016 செப்டம்பரில் 648 மெகாவாட் சோலார் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதானி நிறுவனம் எட்டு மாதத்தில் கட்டியது. ஏறத்தாழ 2,500 ஏக்கர். ஒரே இடத்தில் அமைந்த நிலையங்களில் அன்றைக்கு உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. அங்கே விழுவதும் மதுரை மாடியில் விழுகிற அதே வெயில்தான். ஆனால் வானம் பார்த்த பூமியில் வேலி விழுந்தால், அறுப்பு முடிந்த நிலத்தில் கிடை போட்டு ஆடு மேய்த்தவருக்கு அந்த நிலம் இல்லை. நீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றும் பொது என்றவர்கள் அவற்றை ஏன் ஒரே மூச்சில் சொன்னார்கள் என்பது கமுதிப் பக்கம் தெளிவாகத் தெரியும்: நெருப்பைப் பிடிக்க மேய்ச்சலை மூட வேண்டியிருக்கிறது. மாடிச் சோலாருக்கு உள்ள உண்மையான அறச்சிறப்பு இந்த ஒப்பீட்டில்தான் வெளிப்படுகிறது. அது புதிதாக ஒரு சென்ட் நிலத்தையும் கேட்பதில்லை.

மாடியும் வெற்றிடம் அல்ல என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மோர்மிளகாய் காய்வதும், துணி உலர்வதும், கரண்ட் இல்லாத இரவில் பாய் விரிப்பதும் அங்கேதான். அமாவாசையன்று கைப்பிடிச் சுவரில் வாழையிலை நறுக்கில் சாதம் வைத்துக் காக்கையைக் கூப்பிடுவதும் அங்கேதான். காக்கை வரும், உண்ணும், பக்கத்துத் தகட்டின் மேல் விளிம்பில் உட்கார்ந்து அலகைத் தீட்டும், எச்சமிடும். அந்த ஒரு திட்டு காய்ந்து ஒட்டிக்கொண்டால் அதற்கடியில் உள்ள செல் மின்சாரம் தருவதற்குப் பதிலாகச் சூடாகி, வரிசையின் விளைச்சலையே இழுத்துப் பிடிக்கும். முன்னோருக்குச் செய்யும் கடனும் முதலீட்டுக்குச் செய்யும் பராமரிப்பும் இரண்டடி இடைவெளியில் மோதுகின்றன. பெரும்பாலான வீடுகளில் தீர்வு எளிது: இலை எதிர்ச் சுவருக்கு மாறும், தகடு ஆளுயரக் கால்களில் ஏறும், அடியில் வற்றல் காயாது என்றாலும் துணி காயும். கன்னி மூலையில்தான் தண்ணீர்த் தொட்டி என்ற வாஸ்து விதி இன்னொரு சங்கடம். தென்மேற்கில் உயர்ந்து நிற்கும் தொட்டி, சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் மார்கழிப் பிற்பகல்களில் மாடி மீது நீள நிழல் போடும். சாஸ்திரமும் இன்வெர்ட்டரும் ஒத்துப்போக வேண்டுமென்றால் தகடு வடகிழக்குப் பக்கம் தள்ளிப்போக வேண்டியிருக்கும்.

அடுத்த வீட்டு நிழல்தான் சட்டம் நுழையும் இடம். 1882ஆம் ஆண்டு இந்திய அனுபோக உரிமைச் சட்டம், தொடக்கத்திலேயே மதராஸ் மாகாணத்துக்குப் பொருந்தியது. ஒரு கட்டடத்துக்கு வரும் வெளிச்சத்தை 20 ஆண்டு தடையின்றி அனுபவித்தால் அதற்கு உரிமை பிறக்கிறது என்று அதன் 15ஆம் பிரிவு சொல்கிறது. சன்னல் வெளிச்சத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி அது. தகட்டுக்கு அதைப் பொருத்தினால் உரிமை கைக்கு வரும்போது தகட்டின் 25 ஆண்டு ஆயுளில் ஐந்துதான் மிஞ்சும். பக்கத்து மனையில் நான்கு மாடி எழுந்தால் கேட்க நாதி இல்லை. மதுரையில் மட்டும் இதற்கு எதிர்பாராத காவல் ஒன்று இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பக் கூடாது. மீறல்களும் அதையொட்டிய வழக்குகளும் இருக்கின்றன என்றாலும் விதி விதிதான். கோபுரங்கள் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக வந்த கட்டுப்பாடு, மாசி வீதிகளிலும் ஆவணி மூல வீதிகளிலும் உள்ள ஒவ்வொரு மாடிக்கும் அண்டை வீட்டு நிழலிலிருந்து ஒரு பாதுகாப்பைக் கொடுத்திருக்கிறது. வெயில் பொது என்று எந்தச் சட்டமும் எழுதாதபோது, தெய்வத்தின் பார்வையை மறைக்கக் கூடாது என்ற நினைப்பு அதை நடைமுறையில் பொதுவாக்கி வைத்திருக்கிறது.

கடைசியாக எஞ்சுவது தகட்டின் முடிவு. குமரப்பாவின் செலவுப் பக்கம் அங்கே மறுபடியும் திறக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் சோலார் தகடுகளையும் சேர்த்துக்கொண்டன. 2034-35 வரை சேரும் கழிவுத் தகடுகளைத் தயாரிப்பாளர்கள் வாங்கி இருப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. இன்று மதுரை மாடிகளில் ஏறுபவை இறங்குவதோ 2050ஐ ஒட்டி. கண்மாய் வண்டலை அள்ளுவது குடிமராமத்தில் எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்த வேலை, யார் முறை என்பதில்தான் பேச்சு. தகட்டில் அந்த முறை இன்னும் பேசப்படவில்லை. கண்ணாடியும் சிலிக்கானும் ஈயப் பற்றும் ஒட்டிய அந்த அட்டையை இறக்கப்போகிறவர் பெரும்பாலும் அதைப் பதித்தவராக இருக்க மாட்டார். பாகப்பிரிவினையில் கீழ்த்தளம் ஒரு பிள்ளைக்கும் மேல்தளம் இன்னொரு பிள்ளைக்கும் போய், மொட்டை மாடி இருவருக்கும் பொது என்று பத்திரத்தில் எழுதப்பட்ட வீடுகளில், 25 ஆண்டு விளைச்சலை எடுத்தது யார், இறக்கும் செலவு யாருடையது என்பதைப் பத்திர எழுத்தர்கள் இனிமேல் ஒரு தனி ஷரத்தாக எழுத வேண்டியிருக்கும்.